எகிசைம்: அல்சாஸ் ஒயின் பாதையில் ஓர் இரவு தங்க வேண்டிய ஊர்

பிரான்சின் கிழக்கு எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியில், வோஜ் மலைத்தொடரின் அடிவாரத்தில், கோல்மார் நகருக்குத் தெற்கே ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் எகிசைம் இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்களே வாழும் இந்தச் சிற்றூர், 2013-இல் நடந்த தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரெஞ்சு மக்களின் விருப்பக் கிராமமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று வருகிறவர்களில் பலர் பேருந்திலிருந்து இறங்கி, ஊரை ஒருமுறை சுற்றி, படமெடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களுக்கு இது வண்ண வீடுகள் நிறைந்த ஓர் அழகான ஊராக மட்டுமே தெரியும். மாலையில் வந்து, இரவு தங்கி, காலையில் திராட்சைத் தோட்டங்களுக்குள் நடந்து, ஒயின் செய்யும் குடும்பம் ஒன்றின் நிலவறையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களுக்கே, அந்த அழகு முழுவதும் உழவுத் தொழிலிலிருந்து பிறந்தது என்பது புலப்படும். இங்கே போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஊரின் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. நடுவில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த எண்கோண மதிலுடைய கோட்டை. அதைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெருக்கள். வெளிவட்டமான ராம்பார் தெரு, பழைய மதிற்சுவர் ஓடிய வழியிலேயே வளைந்து செல்கிறது. எந்தப் பக்கம் நடந்தாலும் பத்தடிக்கு அப்பால் தெரு வளைந்து மறைந்துவிடுவதால், அடுத்து என்ன வரப்போகிறது என்ற ஆவல் குறைவதே இல்லை. இந்தத் தெரு இரண்டாகப் பிரியும் முனையில், கப்பலின் முன்பக்கம் போல ஒடுங்கி நிற்கும் 'புறாக்கூண்டு' என்ற மரச்சட்ட வீட்டைத்தான் அல்சாஸ் பற்றிய அஞ்சலட்டைகள் பலவற்றிலும் காண்கிறோம். பகலில் அந்த முனையில் எப்போதும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். காலை எட்டு மணிக்கு முன்பு சென்றால் தெரு உங்களுடையது.

வீடுகளை அவசரமில்லாமல் பாருங்கள். மரச்சட்டங்களுக்கு இடையே சாந்து பூசி, மஞ்சள், காவி, நீலம் என்று வண்ணம் தீட்டிய சுவர்களை எல்லோரும் கவனிக்கிறார்கள். வாசல்களைக் கவனிப்பவர்கள் குறைவு. பல வீடுகளின் வாசல் ஒரு வண்டி முழுச் சுமையோடு நுழையும் அளவுக்கு அகன்ற கல்வளைவாக இருக்கிறது. வளைவின் உச்சிக் கல்லில் வீடு கட்டிய ஆண்டும், சிலவற்றில் வீட்டுக்காரரின் தொழிலைக் காட்டும் சின்னமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் ஆண்டுகளை நான் படித்துக்கொண்டே நடந்தேன். வாசலுக்குப் பின்னால் முற்றம், முற்றத்தின் ஓரத்தில் நிலவறைக்கு இறங்கும் படி, மேலே குடும்பம் வாழும் அறைகள் என்று, பறித்த திராட்சை வந்து இறங்குவதிலிருந்து பீப்பாயில் அடங்கும் வரை வேலை நடப்பதற்காகவே கட்டப்பட்ட வீடுகள் இவை. இடைக்காலத்தில் பல மடங்களும் பிரபுக்களும் தங்களுக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கு விளைச்சலை வாங்கி வைக்க இங்கே தனி மனைகளை வைத்திருந்தார்கள். இவ்வளவு சிறிய ஊரில் இவ்வளவு பெரிய முற்றங்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அறுவடைக் காலத்தில் டிராக்டர்கள் இதே வளைவுகளைக் கடந்துதான் உள்ளே போகின்றன.

கோட்டைச் சதுக்கத்தில் நீரூற்றின் மேல் நிற்கும் சிலை, திருத்தந்தை ஒன்பதாம் லியோவுடையது. எகிசைம் பிரபுக்களின் குடும்பத்தில் 1002-இல் பிறந்த புரூனோ, 1049 முதல் 1054 வரை அந்தப் பெயரில் திருச்சபையின் தலைவராக இருந்தார். அவர் பிறந்தது இந்தக் கோட்டையில்தான் என்பது ஊராரின் உறுதியான நம்பிக்கை. கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பழைய பாணியில் கட்டப்பட்டது. உட்சுவர்களின் வண்ணங்கள் கண்ணைப் பறித்தாலும், நான் அதைவிட உயர்வாக மதிப்பது சற்றுத் தள்ளி இருக்கும் பேதுரு, பவுல் ஆலயத்தைத்தான். அதன் கோபுரத்தின் அடியில் பதின்மூன்றாம் நூற்றாண்டு வாயில் ஒன்று அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. இயேசு சொன்ன உவமையில் வரும், விளக்குக்கு எண்ணெய் வைத்திருந்த கன்னியரும் வைக்க மறந்த கன்னியரும் அங்கே கல்லில் வரிசையாக நிற்கிறார்கள். உள்ளே, சுமார் 1300-ஐச் சேர்ந்த மரத்தாலான மாதா சிலை ஒன்று உண்டு. அதன் உடல் கதவு போல இரண்டாகத் திறக்கும் வகையில் செய்யப்பட்டது. அனுமதிக் கட்டணம் கிடையாது. வெளியே ஆயிரம் பேர் நடந்துகொண்டிருக்கும் நேரத்திலும் இந்த ஆலயத்துக்குள் வெகு சிலரையே பார்த்தேன்.

மேற்கில் உள்ள சரிவைப் பார்த்தால் இந்த ஊர் ஏன் இங்கே அமைந்தது என்பது தெளிவாகும். மேற்குக் காற்று கொண்டுவரும் மழையை வோஜ் மலையின் மறுபக்கம் வாங்கிக்கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையால் கேரளம் நனைய, கோயம்புத்தூர் காய்ந்திருப்பதைப் போன்றதுதான் இதுவும். கோல்மார் சுற்றுவட்டாரம் பிரான்சிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அந்த வறட்சியோடு நீண்ட வெயிலும், கிழக்கும் தென்கிழக்கும் நோக்கிய சரிவும், சுண்ணாம்பு கலந்த களிமண்ணும் சேர்வதால் திராட்சை மெதுவாகவும் முழுமையாகவும் பழுக்கிறது. அல்சாஸில் 'கிராண்ட் க்ரு' என்ற உயர்தரத் தகுதி பெற்ற 51 நிலப்பகுதிகளில் ஐக்பெர்க், ஃபெர்சிக்பெர்க் ஆகிய இரண்டும் எகிசைமை ஒட்டியே இருக்கின்றன. ஊரிலிருந்து புறப்படும் தோட்ட நடைபாதை இரகங்களை விளக்கும் பலகைகளோடு கொடிகளின் நடுவே செல்கிறது. குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் நடந்துவரலாம். சரிவின் மேலிருந்து திரும்பிப் பார்க்கும்போது ஓட்டுக் கூரைகளும், அதற்கப்பால் ரைன் சமவெளியும், வானம் தெளிந்த நாளில் ஜெர்மனியின் கருங்காடு மலைகளும் தெரியும்.

இனி ஒயின். அல்சாஸ் ஒயின்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெள்ளை ஒயின். பிரான்சின் பிற பகுதிகளில் புட்டியின் மேல் ஊரின் பெயரோ தோட்டத்தின் பெயரோதான் பெரும்பாலும் இருக்கும். இங்கே ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர், பினோ க்ரி, மஸ்கட், சில்வானர் என்று திராட்சை இரகத்தின் பெயரே இருப்பதால், புதிதாக அறிய வருபவருக்கு இதைவிட எளிய பள்ளிக்கூடம் கிடையாது. ஊருக்குள் சுவைத்துப் பார்க்கும் நிலவறைகள் பல இருக்கின்றன. 1902-இல் எகிசைமில் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான வொல்ஃப்பெர்ஜே மிகப் பெரியது. இரகங்கள் அத்தனையையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல இடம். ஆனால் நேரம் குறைவாக இருந்தால், சொந்தத் தோட்டத்தில் விளைந்ததைச் சொந்த வீட்டிலேயே ஒயினாக்கும் சிறு குடும்பம் ஒன்றைத் தேடிச் செல்லுங்கள் என்பேன். சதுக்கத்தை விட்டு உள்ளே தள்ளி, வாசலில் சிறிய பலகை மட்டும் தொங்கும் வீடுகள் அவை. மணியை அடித்தால், தோட்ட வேலையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் வந்து கதவைத் திறப்பார். முந்தைய நாளே சொல்லிவிட்டுப் போவது மரியாதை. அறுவடை நடக்கும் செப்டம்பரில் அது கட்டாயத் தேவை.

நான் சென்ற நிலவறையில், ஆள் உயரத்தைத் தாண்டிய பழைய ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. ஊற்றிக் கொடுத்த பெண்மணி புளிப்பு மிகுந்ததில் தொடங்கி இனிப்பு மிகுந்ததை நோக்கி ஒவ்வொன்றாகக் கொண்டுசென்றார். இந்த வரிசை மாறினால் நாக்குக்கு அடுத்ததன் சுவை பிடிபடாது. ரீஸ்லிங் எலுமிச்சைத் தோலின் மணத்தோடு, இனிப்பே இல்லாமல் வறண்டு, நறுக்கென்று இருந்தது. கெவுர்ஸ்ட்ராமினர் அதற்கு நேர்மாறு: ரோஜாவும் லிச்சிப் பழமும் மசாலாவும் கலந்த வாசனை கோப்பையை மூக்கருகே கொண்டுவருவதற்கு முன்பே எழுந்தது. மிளகும் கிராம்பும் சேர்த்துச் சமைக்கும் நம் வீட்டு உணவுக்கு ஈடுகொடுக்கும் ஒயின் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதையே சொல்வேன். இனிப்பு எவ்வளவு என்று முன்பெல்லாம் புட்டியைத் திறந்தால்தான் தெரியும். 2021 அறுவடையிலிருந்து வறண்டதா, இனிப்பானதா என்பதைப் புட்டியிலேயே அச்சிட வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால் வாங்குபவருக்கு நன்மை. நுரைக்கும் ஒயினான கிரேமானையும் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். அதற்கான திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும். சுவைத்ததைத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்துவதில் கூச்சம் தேவையில்லை, வண்டி ஓட்டுபவர் கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டும். இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் சிறு வீடுகளில் ஒரு புட்டியாவது வாங்கிக்கொண்டு வருவதுதான் முறை. மது அருந்தாதவர்களையும் நிலவறைக்கு வரவேற்கிறார்கள். பல வீடுகளில் திராட்சைச் சாறு கிடைக்கும், பீப்பாய்களைப் பார்ப்பதும் தொழிலைக் கேட்டறிவதும் அவர்களுக்கும் நிறைவைத் தரும்.

உணவைப் பொறுத்தவரை என் மதிப்பீடு கலவையானது. அல்சாஸ் சமையலில் பன்றி இறைச்சி பெரும் இடம் பிடித்திருக்கிறது. புளிக்கவைத்த முட்டைக்கோஸின் மேல் பன்றி இறைச்சித் துண்டுகளும் தொத்திறைச்சிகளும் அடுக்கிய ஷூக்ரூத் இந்த மண்ணின் தலையாய உணவு. மெல்லிய மாவின் மேல் பாலாடையும் வெங்காயமும் பரப்பிச் சுடும் தார்த் ஃப்லாம்பே பார்க்கச் சைவம் போலத் தோன்றும், ஆனால் அதில் பன்றி இறைச்சித் துணுக்குகள் வழக்கமாகவே உண்டு. சதுக்கத்துக்கு அருகிலுள்ள ஓர் உணவகத்தில் இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியும் துணுக்குகளோடே கொண்டுவந்து வைத்தார்கள். மாற்றித் தந்தாலும், கூட்ட நேரத்தின் அவசரம் அங்கே எல்லாத் தட்டிலும் தெரிந்தது. ஆகவே சைவர்கள் சொன்னதை இரண்டாம் முறையும் உறுதி செய்துகொள்வது நல்லது. வறுத்த உருளைக்கிழங்கோடு பூண்டும் பச்சை மூலிகைகளும் கலந்த புதுப் பாற்கட்டியைத் தரும் பிபலஸ்காஸ், சைவர்களுக்கு வயிறு நிறைய நம்பகமான உணவு. வோஜ் மலைப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் மன்ஸ்டர் பாற்கட்டியின் நாற்றம் முதலில் துரத்தும். சீரகத்தோடும் கெவுர்ஸ்ட்ராமினரோடும் சேர்த்துச் சாப்பிட்டால் அதன் அருமை தெரியும். காலை உணவுக்கு ரொட்டிக் கடையில் கூகல்ஹோப்ஃப் வாங்கிக்கொள்ளுங்கள். பாதாமும் உலர்திராட்சையும் பதிந்த அந்த ஈஸ்ட் ரொட்டி எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த எல்லா இனிப்புகளையும்விடப் பிடித்திருந்தது.

கூரைகளை அண்ணாந்து பார்க்க மறக்க வேண்டாம். செங்கால் நாரைகள் இங்கே கூடு கட்டி வாழ்கின்றன. 1970-களில் அல்சாஸ் முழுவதிலும் பத்து இணைகள்கூட மிஞ்சாத நிலை இருந்தது. வளர்ப்பு மையங்களின் தொடர்ந்த உழைப்பால் இன்று பல நூறு இணைகளாகப் பெருகியிருக்கின்றன.

கால்களில் வலு உள்ளவர்கள் ஊருக்கு மேலே 591 மீட்டர் உயரத்தில் நிற்கும் மூன்று சிதைந்த கோட்டைகளுக்கு ஏறிச் செல்ல வேண்டும். உஸ்ஸெரன் கிராமத்தின் வழியாகக் காட்டுக்குள் நுழையும் பாதை அது. வண்டியில் போக, இவை உட்பட ஐந்து கோட்டைகளை இணைக்கும் காட்டுச் சாலையும் உண்டு. டாக்ஸ்பூர், வாலன்பூர், வெக்மண்ட் என்ற மூன்று சதுரக் கோபுரங்களும் செந்நிற மணற்கல்லால் ஆனவை. முல்ஹவுஸ் நகரத்தில் மாவு ஆலைத் தொழிலாளி ஒருவருக்குக் கொடுக்காமல் விட்ட ஆறு காசுக் கூலியிலிருந்து மூண்ட சண்டையில், 1466-இல் இவை எரிக்கப்பட்டன. அவ்வளவு சிறிய தொகைக்கு அவ்வளவு பெரிய சுவர்கள் விழுந்ததை நினைத்தபடி அங்கே நிற்பதற்காகவே இந்த ஏற்றத்தைப் பரிந்துரைப்பேன்.

ஊரில் ரயில் நிலையம் இல்லை. பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்திலும், ஸ்ட்ராஸ்பூரிலிருந்து அரை மணி நேரத்திலும் கோல்மாரை அடைந்து, அங்கிருந்து பேருந்திலோ வாடகை மிதிவண்டியிலோ வரலாம். பேருந்துகளின் எண்ணிக்கை குறைவாதலால் கால அட்டவணையை, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைக்கு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த வாகனத்தில் வந்தால் மதிலுக்கு வெளியே கட்டண நிறுத்துமிடம் உண்டு. மே, ஜூன் மாதங்களும், இலைகள் மஞ்சளாகும் அக்டோபரும் சிறந்தவை. ஆகஸ்ட் இறுதியில் நடக்கும் ஒயின் விவசாயிகள் விழா உற்சாகமானது, ஆனால் தங்குமிடம் கிடைப்பது அரிது. டிசம்பர் சந்தையின் விளக்கு அலங்காரத்துக்காக வருபவர்கள் வார நாளில் வர வேண்டும். வார இறுதியில் அந்தக் குறுகிய தெருக்களில் நடக்கவே இடமிருக்காது. தங்குவதற்கு, ஒயின் குடும்பங்களே வாடகைக்கு விடும் மாடி அறைகளை நான் விரும்புகிறேன். மின்தூக்கி இருக்காது, மரப்படிகள் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே தரைத்தள அறையைக் கேட்டுவிடுவது நல்லது.

புட்டிகளை ஊருக்குக் கொண்டுவர எண்ணுபவர்கள், இந்தியாவுக்குள் தீர்வையின்றி 2 லிட்டர் மதுவகை மட்டுமே அனுமதி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அல்சாஸ் புட்டி மற்றவற்றைவிட நீண்டு ஒல்லியாக இருப்பதால், பெட்டியில் குறுக்குவாட்டில் வைத்தால் கழுத்துப் பகுதி அழுந்தும். துணிகளுக்கு நடுவில் நீளவாக்கில் படுக்கவைப்பதே பாதுகாப்பு. இரண்டு புட்டிக்குத்தான் இடமென்றால், ஐக்பெர்க் சரிவில் விளைந்த கெவுர்ஸ்ட்ராமினர் ஒன்று, ஃபெர்சிக்பெர்க் ரீஸ்லிங் ஒன்று என்று வாங்குங்கள். முதலாவதைச் சீக்கிரமே திறக்கலாம். இரண்டாவதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் சில ஆண்டுகள் வைத்திருந்தால் இன்னும் தேறும்.