கல்லடியில் ஒரு விண்வெளிப் பொறியியல் அறிமுக வகுப்பு: மூன்று வாரம் நன்று, நான்காவது வாரம் வீண்

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தர வகுப்புக்குக் காத்திருக்கும் என் மகளை, மட்டக்களப்பு கல்லடியில் தனியார் நிலையம் ஒன்று நடத்தும் விண்வெளிப் பொறியியல் அறிமுக வகுப்பில் சேர்த்தேன். நான்கு சனிக்கிழமைகள், கட்டணம் 6,000 ரூபாய்.

செய்முறைக்கு அந்தப் பணம் தகும். ரெஜிபோம் தகட்டை மாணவர்களே வெட்டி ஒட்டிச் செய்த கிளைடர்களைக் கடற்கரையில் எறிந்தபோது, முதல் நாள் ஏறக்குறைய எல்லாமே மூக்கைத் தூக்கி, வேகமிழந்து, மணலில் விழுந்தன. ஆசிரியர் விடையைச் சொல்லாமல் நாணயங்களைக் கொடுத்து மூக்கில் ஒவ்வொன்றாக ஒட்டச் சொன்னார். புவியீர்ப்பு மையம் முன்னே நகர்ந்து, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலத்தின் முதல் கால்பங்குக்கு அருகில் வந்ததும் மகளின் கிளைடர் சீராக இறங்கியது. இணைந்த கணிதத்தில் திருப்புதிறன் படிக்கும்போது அவளுக்கு இது கைகொடுக்கும். ஆனால் கச்சான் காற்று வீசும் காலத்தில் வகுப்பை ஒன்பது மணிக்குத் தொடங்குவது சரியல்ல; ஆறரைக்கே கடற்கரைக்குப் போயிருக்க வேண்டும்.

கையேடுதான் குறை. இறக்கை விமானத்தை எப்படித் தூக்குகிறது என்பதற்கு, இறக்கையின் மேலும் கீழும் பிரியும் காற்று பின்விளிம்பை ஒரே நேரத்தில் அடைய வேண்டியிருப்பதால் வளைந்த மேற்புறத்துக் காற்று விரைகிறது என்று அதில் உள்ளது. அப்படி ஒரு கட்டாயம் காற்றுக்கு இல்லை. அந்த விளக்கம் உண்மையானால், வளைந்த பக்கம் கீழே போய்விடுவதால், விமானம் தலைகீழாகப் பறக்கவே முடியாது.

நான்காவது வாரத்துத் தொழில் வழிகாட்டல் இன்னும் மோசம். விமானப் பராமரிப்பு உரிமம் பெறுபவரையும் விமானத்தை வடிவமைப்பவரையும் ஒருவராகவே காட்டினார்கள். முன்னதற்குப் பட்டம் கட்டாயமில்லை. தொகுதிப் பரீட்சைகளும் சில ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். பின்னதற்குப் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் எழுதி, பொறியியல் பட்டம் பெற்றாக வேண்டும். இரத்மலானையிலுள்ள கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் வானூர்திப் பொறியியல் பட்டப்படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2019இல் விண்ணுக்குச் சென்ற இராவணா-1 செய்மதியின் படத்தைப் பெரிதாகப் போட்டவர்கள், அதை உருவாக்கிய இலங்கைப் பொறியியலாளர் இருவரும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் அந்தப் பணியைச் செய்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தெரிய வேண்டிய பாதை அதுதானே?

இளைய மகனுக்கு முதல் மூன்று வாரங்களுக்கு மட்டும் கட்டணம் செலுத்தலாமா என்று கேட்டேன். முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்றார்கள். செலுத்திவிட்டேன்; நான்காவது சனிக்கிழமை அவன் வீட்டில் இருப்பான்.