ஓயாத குரைப்பு: ஒலிக் கருவியா, பயிற்சியா?

மனிதக் காதுக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை. குரைப்பை அடக்கும் கருவிகள் பலவும் இந்த இடைவெளியில்தான் ஒலி எழுப்புகின்றன. நமக்கு ஒன்றும் தெரியாது, நாய் மட்டும் திடுக்கிட்டு வாயை மூடும். பொத்தானை அழுத்தினால் போதும் என்பது வசதிதான். ஆனால் பல நாய்களுக்கு அது விரைவில் பழகிவிடும். வயதாகிக் காது மந்தமான நாய் கண்டுகொள்ளவே செய்யாது, பயந்த நாயோ இன்னும் மிரளும். தானியங்கிக் கருவி என்றால், பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்கும் நம் நாய் தண்டனை வாங்கலாம், பாவம்!

பயிற்சிக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அதில் முதல் வேலை, ஏன் குரைக்கிறது என்று பார்ப்பது. ஜன்னல் வழியே ஆள் நடமாட்டத்தைப் பார்த்தா? கண்ணாடியின் கீழ்ப்பகுதியை மறைத்துப் பாருங்கள். அழைப்பு மணிக்கா? மணியின் பதிவை மெல்ல ஒலிக்கவிட்டு, குரைக்கும் முன்பே தின்பண்டம் கொடுத்து, பாயில் போய் உட்காரப் பழக்கலாம். அப்புறம் சத்தத்தைக் கூட்டலாம். நம் கவனத்தை இழுக்கக் குரைத்தால் முகம் கொடுக்காமல் இருந்து, அமைதியான நொடியில் பரிசு தர வேண்டும். ஆரம்பத்தில் குரைப்பு கூடும். அப்போது மனம் இளகி ஒரு பிஸ்கட் போட்டால், இன்னும் கத்தினால் கிடைக்கும் என்றே கற்றுக்கொள்ளும்.

என் ஓட்டு பயிற்சிக்கே. தனிமைப் பதற்றத்தில் குரைக்கும் நாய்க்குக் கருவி வேண்டவே வேண்டாம். திடீரென்று குரைப்பு அதிகமானால் வலியாகவும் இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.