உயர்த்திய லேண்ட் குரூசர், அலைபாயும் ஸ்டீயரிங்: மூன்று வருடக் கணக்கு

என்னிடம் இருப்பது 1996ஆம் வருடத்து 80 சீரிஸ் லேண்ட் குரூசர். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு, விடுமுறை என்றால் அண்டர்பெர்க் வழியாக சானி கணவாய். உச்சி 2,800 மீட்டருக்கும் மேலே, வழி முழுக்கக் கல்லும் கூர்வளைவும். இரண்டு தடவை அடிப்பாகம் கல்லில் இடித்ததும் 50 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் செட் வாங்கி மாட்டினேன். டயரையும் ஒரு சுற்று பெரிதாக்கினேன். மலையில் வண்டி அபாரம். வினை வீட்டுக்குத் திரும்பும்போது வந்தது.

என்3 நெடுஞ்சாலையில் 110இல் போகிறேன், ஸ்டீயரிங் ஒரு நிலையில் நிற்கவில்லை. இடப்பக்கம் மெதுவாகப் போகும், திருத்துவேன், உடனே வலப்பக்கம் போகும். லாரியைத் தாண்டும்போது காற்று அடித்தால் பாதி லேன் காலி. பக்கத்தில் இருந்தவள், "என்னங்க, தூக்கம் வருதா? நிறுத்தி டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றாள். தூக்கம் இல்லை. கைதான் ஓயாமல் கோலம் போட்டுக்கொண்டிருந்தது.

முதலில் டயர் காற்று. மலைக்காகக் குறைத்திருந்ததைத் தார் ரோட்டுக்கு ஏற்றபடி ஏற்றியதில் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அடுத்து அலைன்மென்ட். கடைப் பையன் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, அதை மட்டும் சரி செய்து, ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தான். அதில் ஒரு வரி சிவப்பில் இருந்தது. "அது இந்த வண்டியில் அட்ஜஸ்ட் பண்ண முடியாதது" என்றான். சரி என்று தாளை மடித்து டாஷ்போர்டில் இருக்கும் கப்பிஹோல் பெட்டியில் போட்டேன். அந்தத் தாளை அன்றைக்கே உட்கார்ந்து படித்திருந்தால் எட்டு மாதமும் ஆறாயிரம் ராண்டும் மிச்சம்.

படிக்கவில்லை. ஸ்டீயரிங் டாம்பர் வாங்கினேன். டாம்பர் என்பது அதிர்வை அடக்கும் சாமான். சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவரும் வேலை அதனுடையது இல்லை. அப்புறம், இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஸ்டீயரிங் பாக்ஸின் மேலிருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினேன். ப்ளே, அதாவது தளர்ச்சி, குறைந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்ப மறுத்தது, கையால் இழுத்துவர வேண்டியிருந்தது. பாக்ஸ் நடு நிலையில் இறுகிவிட்டால் வண்டி இன்னும் அதிகமாக அலையும். பழைய நோய் மேல் புது நோயை நானே ஏற்றி வைத்தேன்.

ஈஸ்டர் சமயம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் வரிசையில் சாட்ஸ்வர்த் மாமா ஒருவரைப் பார்த்தேன். முப்பது வருடம் பஸ் பழுது பார்த்தவர். கதையைச் சொன்னேன். பாதியில் நிறுத்தினார்.

"தம்பி, ஒரே பக்கமா இழுக்குதா, ரெண்டு பக்கமும் அலையுதா, இல்லை கையில நடுங்குதா?"

"ரெண்டு பக்கமும் அலையுது மாமா."

"அப்ப ஒண்ணும் வாங்காதே. ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டு வா."

அந்த மூன்றும் வேறு வேறு வியாதி என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. ஒரே பக்கம் இழுத்தால் பிரேக் பிடித்திருக்கலாம், டயர் கோளாறாக இருக்கலாம், இடது வலது கோணம் வித்தியாசப்பட்டிருக்கலாம். நடுங்கினால் சக்கர பேலன்ஸ், தளர்ந்த மூட்டு. அலைந்தால் எங்கோ ப்ளே, அல்லது கோணம்.

ஞாயிறு அன்று முதல் வேலையாக நான் இறுக்கிய ஸ்க்ரூவைத் தளர்த்தினார். பிறகு சக்கரம் நான்கும் தரையிலேயே இருக்க, இன்ஜின் ஓட, என் மகனை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து இப்படியும் அப்படியும் இரண்டு அங்குலம் மட்டும் ஆட்டச் சொன்னார். நாங்கள் இருவரும் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தோம். ஜாக்கில் தூக்கிப் பார்த்தால் சுமை இல்லாததால் சில ப்ளே மறைந்துவிடும் என்றார். இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் இடது முனையில் மெல்லிய டக். ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் சேஸ் பக்கத்துப் புஷ் (ரப்பர் உறை) நசுங்கி, ஆக்சிலே பக்கவாட்டில் நகர்ந்தது. இரண்டையும் மாற்றினோம். முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் கிங்பின் பேரிங்கின் இறுக்கத்தை, டை ராடைக் கழற்றிவிட்டு, மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தார். அது சரியாக இருந்தது.

பாதி குணம். மிச்சப் பாதிக்குக் கப்பிஹோல் தாளைக் கேட்டார். சிவப்பு வரி காஸ்டர்: இடம் 0.4, வலம் 0.6 டிகிரி. இந்த வண்டிக்குக் கம்பெனி வைத்தது சுமார் 3.

சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் நேராகப் போக உதவுகிறது. காஸ்டர் அந்தச் சாய்வுதான். 80 சீரிஸில் முன் ஆக்சிலை ரேடியஸ் ஆர்ம் என்ற இரண்டு நீளக் கைகள் பிடித்திருக்கும். ஒவ்வொன்றும் ஆக்சிலில் இரண்டு போல்ட்டில், சேஸில் ஒரு புஷ்ஷில். வண்டியை உயர்த்தினால் ஆர்ம் கீழே சாயும், கூடவே ஆக்சிலும் முன்பக்கம் உருண்டுவிடும். 50 மி.மீ. உயரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி போய்விடும். "அட்ஜஸ்ட் பண்ண முடியாது" என்றது பொய்யில்லை. அதற்கு ஸ்க்ரூ கிடையாது, புஷ்ஷைத்தான் மாற்ற வேண்டும்.

துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் காஸ்டர் புஷ்கள் வாங்கினோம். ரப்பரில்தான் வேண்டும் என்றார் மாமா. மலையில் ஆர்ம் முறுக்கும்போது கெட்டிப் பாலியூரித்தேன் நெகிழ்ந்து கொடுக்காது என்பது அவர் கட்சி. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றும்போது குறியை ஒரு மயிரிழை தவறாக வைத்தாலும் இரண்டு பக்கமும் வேறு கோணமாகிவிடும். ஒன்றைத் தள்ளி எடுத்து மறுபடி ஏற்றினோம். பிறகு அளந்ததில் இடம் 2.7, வலம் 2.8.

ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் பிட்மன் ஆர்மைக் கீழே இறங்கிய வகைக்கு மாற்றவும் யோசித்திருந்தேன். மாமா விடவில்லை. அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கும் பான்ஹார்ட் ராடும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் இறக்கினால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானே திரும்பும் என்றார்.

அதற்கப்புறம் 38,000 கி.மீ. ஓட்டிவிட்டேன். ஹாரிஸ்மித் பக்கம் குறுக்குக் காற்றில் கூரைக் கூடாரத்தோடு போனால் இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. உயரமான பெட்டி வண்டி, காற்று தள்ளத்தான் செய்யும். ஸ்டீயரிங் முன்னைவிடச் சற்று கனம். காஸ்டரைத் திருப்பியதில் முன் டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் சேரும் மூக்கு கீழே இறங்கிவிட்டது, ஷாஃப்டின் கோணமும் மாறிவிட்டது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் 90இல் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. ஷாஃப்ட் மூட்டுக்கு கிரீஸ் அடித்து அதோடு வாழ்கிறேன். டாம்பரைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. காசு போட்டதாயிற்றே என்று திரும்ப மாட்டியிருக்கிறேன்.

போன மாதம் சானியிலிருந்து இறங்கும்போது வலப்பக்கப் புஷ் லேசாகக் கிறீச்சிட ஆரம்பித்திருக்கிறது. மாமா வரச் சொல்லியிருக்கிறார், தாளோடு.