கொடைக்குத் தள்ளிப்போட ஒன்று, கருவைத் தாங்க வேறொன்று: புரோஜெஸ்டிரோன் மாத்திரைகள் ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ மருந்துக்கடையில் ‘ஹார்மோன் மாத்திரை’ என்று கேட்டால் நான்கில் ஒன்று கைக்கு வரும். கர்ப்பப்பைச் சவ்வைத் தாங்கி நிறுத்தும் பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் வேலையைச் செய்பவை இவை: நுண்துகள் புரோஜெஸ்டிரோன் (சஸ்டென் போன்றவை), டைட்ரோஜெஸ்டிரோன் (டூஃபாஸ்டன்), நோரெதிஸ்டிரோன் (ப்ரிமோலட்-என்), மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் (டெவிரி). ‘இயற்கை’ என்ற பெயர் முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். அதுவும் ஆலையில் தாவரப் பொருளிலிருந்து செய்வதுதான். ஆனால் கருமுட்டை வெளியான பின் சினைப்பையில் சுரப்பதும் இதுவும் ஒரே மூலக்கூறு. மற்ற மூன்றும் அதன் சாயலில் செய்யப்பட்டவை. இயற்கை என்பதாலேயே எல்லா வேலைக்கும் அதுதான் சிறந்தது என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

நம் பக்கம் அதிகம் வாங்கப்படுவது கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போடத்தான். இதற்கு நோரெதிஸ்டிரோன்தான் சரி. 5 மி.கி. மாத்திரை, நாளுக்கு மூன்று, எட்டு மணி நேர இடைவெளியில். தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கொடை, மாதவிலக்கு திங்களன்று வர வேண்டியது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை தொடங்கி, மறுநாள் பூசையும் முடியும் புதன் இரவு வரை போட்டால் 18 மாத்திரை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ஞாயிறு மாலை ‘நாளைக்கு வந்துருமே’ என்று ஓடிவந்து வாங்கினால் பெரும்பாலும் பலிக்காது; கர்ப்பப்பைச் சவ்வு உதிரத் தயாரான பிறகு மாத்திரையால் பிடித்து நிறுத்த முடியாது. ராத்திரி வில்லுப்பாட்டு கேட்டுக்கொண்டே ஒரு வேளையை விட்டாலும் கறை படலாம். கர்ப்பமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும். இந்த அளவில் இது கருத்தடையும் ஆகாது.

இதே வேலைக்கு இயற்கைப் புரோஜெஸ்டிரோனை நம்பிப் போக முடியாது. வாய்வழி போட்டால் கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிடும். ஆனால் நோரெதிஸ்டிரோனில் ஒரு சிக்கல் உண்டு: அதில் சிறு பகுதி உடலில் இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனாக மாறுகிறது. காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், கண்முன் ஒளி மின்னலோடு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதைத் தாங்களாகப் போடவே கூடாது. மைனிக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக மிச்ச அட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

இரண்டு மூன்று மாதமாக மாதவிலக்கு வராமல் நிற்கும் சினைப்பை நீர்க்கட்டிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் 10 மி.கி. பத்து நாள், அல்லது டைட்ரோஜெஸ்டிரோன் 10 மி.கி. காலை, இரவு பத்து நாள். முடித்த ஒரு வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஈஸ்ட்ரோஜென் குறைவு, தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), கர்ப்பப்பை ஒட்டல் எனத் தேட வேண்டும். இன்னொரு அட்டை வாங்குவது பதிலல்ல. மெட்ராக்சி விலை குறைவு, வேலை உறுதி. கரு தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் கொஞ்சமும் இருந்தால் அது வேண்டாம். வந்த உதிரப்போக்கு மாத்திரையால் வந்தது. கருமுட்டை வெளியானதன் அடையாளமல்ல.

இயற்கைப் புரோஜெஸ்டிரோனுக்கு நிகரில்லாத இடம் கருவுற்ற பிறகுதான். பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ‘பிரிஸம்’ ஆய்வில், தொடக்க மாதங்களில் உதிரம் பட்ட பெண்களுக்கு 400 மி.கி. காலை, இரவு பிறப்புறுப்பு வழியாகக் கொடுத்தார்கள். முன்பே கரு கலைந்திருந்து, இப்போது உதிரமும் படுபவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. முன்பு கலைந்ததே இல்லாதவர்களுக்குப் பயன் தெரியவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் தினம் இரவு 200 மி.கி. வைப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்க உதவும். பிறப்புறுப்பு வழியில் மருந்து நேரே கர்ப்பப்பைக்குப் போகிறது. அதனால் ரத்தத்தில் அளவு குறைவாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். வாராவாரம் போடும் ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட் ஊசி வேறு மருந்து. குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக நிரூபணமாகாததால் அமெரிக்கா 2023-இல் அதன் அனுமதியை விலக்கிக்கொண்டது.

இயற்கைப் புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலை வாய்வழி போட்டால் தூக்கம் தள்ளும், தலை சுற்றும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும்போது போட வேண்டும். காலையில் போட்டுவிட்டு பீடித்தட்டும் கத்திரியுமாக உட்காருவது கையை வெட்டிக்கொள்ளும் வேலை. சில கம்பெனி கேப்ஸ்யூலில் கடலை எண்ணெய் இருக்கும். கடலை ஒவ்வாதவர்கள் அட்டையைப் படியுங்கள். சித்திரை வெயிலில் மென்கேப்ஸ்யூல்கள் ஒட்டிக்கொள்ளும், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜென் எடுப்பவருக்குக் கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோன் கட்டாயம்: தினம் 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 நாள் 200 மி.கி. 2002-இல் அமெரிக்கப் பேராய்வில் ஈஸ்ட்ரோஜெனோடு மெட்ராக்சி சேர்த்த பிரிவில் மார்பகப் புற்று கூடியதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். பிரான்சில் பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில் இயற்கை வகைக்கும் டைட்ரோஜெஸ்டிரோனுக்கும் அந்தக் கூடுதல் அப்படித் தெரியவில்லை. அது கவனிப்பு ஆய்வு மட்டுமே. ஆனாலும் இந்த வயதில் விலை கூடினாலும் இயற்கை வகையையே நாங்கள் முன்வைப்போம்.

இணையத்தில் விற்கும் காட்டுவள்ளிக் க்ரீம் ஒப்பீட்டிலேயே சேராது. அதில் உள்ள டயோஸ்ஜெனினை ஆலை புரோஜெஸ்டிரோனாக மாற்றும். நம் உடல் மாற்றாது. நிஜப் புரோஜெஸ்டிரோன் க்ரீம்கூட, ஈஸ்ட்ரோஜென் எடுப்பவரின் கர்ப்பப்பைச் சவ்வைக் காக்கும் அளவுக்கு ரத்தத்தில் ஏறாது. ஆச்சிகள் கிண்டும் உளுந்தங்களி, நல்லெண்ணெயும் கருப்பட்டியுமாக நல்ல சாப்பாடு. அதில் புரோஜெஸ்டிரோன் கிடையாது.

புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையில் ‘21-ஆம் நாள்’ என்பது 28 நாள் சுற்றுக்கு மட்டும். 35 நாள் சுற்றுக்காரர் 28-ஆம் நாள் கொடுக்க வேண்டும். அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு என்பதுதான் விதி. மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் கருமுட்டை வெளியாகியிருக்கிறது. டைட்ரோஜெஸ்டிரோன் இந்தப் பரிசோதனையில் தெரியாது. ‘மாத்திரை போட்டும் ஏறவில்லை’ என்று அளவைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி பட்டாலும் இந்த நான்கில் எதையும் வாங்காமல் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ உங்கள் மகப்பேறு மருத்துவரிடமோ போய் ஸ்கேன் எடுங்கள். சவ்வு 4 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சதைப் பரிசோதனை (பயாப்ஸி) வேண்டும்.