நெருக்கிப்போன லில்லித் தொட்டி: பிரிப்பதா, கொத்தாக மாற்றுவதா?

மழை லில்லி நட்டு மூன்று நான்கு வருடம் ஆன தொட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புல் மாதிரி இலை மட்டும் அடர்ந்து நிற்கும். கோடை மழை பெய்த நாலாம் நாள் தொட்டி நிறையப் பூத்திருக்க வேண்டிய செடி, நாலைந்து பூவோடு ஓய்ந்துவிடும். ஊற்றுகிற தண்ணீர் மண்ணில் ஊறாமல் ஓரமாக இறங்கி அடி ஓட்டை வழியே ஓடிவிடும். இடம் போதாமல் கிழங்குகள் ஒன்றையொன்று தள்ளி, மண்ணுக்கு மேலே சின்ன வெங்காயம் போல எட்டிப் பார்க்கும். என் மாடியில் அப்படி ஒரு பன்னிரண்டு அங்குலத் தொட்டியைக் கவிழ்த்தேன். பத்துக் கிழங்கு வைத்த தொட்டியில் நூற்றுக்கும் மேல் இருந்தன. மண் என்று பார்த்தால் இரண்டு கைப்பிடிதான்.

பூ குறைந்தால் உடனே தொட்டியைக் கவிழ்க்க வேண்டியதில்லை. மழை லில்லி கொஞ்சம் நெருக்கத்தைத் தாங்கும் செடி. ஐந்து ஆறு மணி நேர வெயில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். தழைச்சத்து அதிகமான உரம் போட்டிருந்தாலும் இலைதான் வரும். வெயிலும் சரி, உரமும் சரி, ஆனாலும் பூ இல்லை, தண்ணீரும் நிற்கவில்லை என்றால் நெருக்கம்தான் காரணம். அதைத் தீர்க்க மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் என் மாடியில் செய்து பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, கிழங்கு கிழங்காகப் பிரிப்பது. வேர்க்கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, மண்ணை அலசி, ஒவ்வொன்றையும் தனியே எடுப்பது. இதில் பெரிய லாபம், உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அழுகிய கிழங்கு, கழுத்து இடுக்கில் ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சி எல்லாம் அப்போதுதான் தெரியவரும். செடியும் பல மடங்காகும். ஆனால் வேர் நிறைய அறுபடும். சின்ன வெங்காய அளவுக் கிழங்கு பெரும்பாலும் அதே வருடம் பூத்துவிடும், கொண்டைக்கடலை அளவுக் குட்டிகளுக்கு இன்னும் ஒரு வருடமாவது ஆகும். அதுவரை பாதித் தொட்டி வெறுமையாகத்தான் தெரியும்.

இரண்டாவது, எதையும் பிரிக்காமல் வேர்க்கட்டியோடு தூக்கிப் பெரிய தொட்டியில் வைப்பது. வேலை பத்து நிமிடம், செடி வாடாது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். மழை லில்லிக்கு இதை நான் சொல்லமாட்டேன். நடுவில் இருக்கும் இறுக்கம் அப்படியேதான் இருக்கும், ஓரத்துக் கிழங்குக்கு மட்டும்தான் புது மண். அந்தப் புது மண்ணில் வேர் ஓடும்வரை அங்கே நிற்கும் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லை. ஒரு ஐப்பசியில் அப்படி மாற்றிவைத்தேன். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்தது. கார்த்திகை முடிவதற்குள் ஓரக் கிழங்குகள் கூழாகிவிட்டன. மாடியில் பாரமும் ஒரு கவலை. பன்னிரண்டு அங்குலத்திலிருந்து அதே அமைப்பில் பதினெட்டு அங்குலத்துக்குப் போனால் மண் ஒன்றரை மடங்கு கூடுவதில்லை, மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது.

மூன்றாவது வழி கைப்பிடிக் கொத்து. கட்டியைக் கையால் துண்டு துண்டாகப் பிட்டு, ஒரு கொத்தில் எட்டுப் பத்துக் கிழங்கு இருக்கும்படி ஒவ்வொன்றையும் ஒரு தொட்டியில் வைப்பது. இதுதான் என் வழி. ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் பழைய வேர் பத்திரமாக இருப்பதால் செடி சீக்கிரம் தேறிவிடும். தொட்டியும் முதல் நாளே நிறைந்து தெரியும். பிட்ட பக்கங்களில் அழுகல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். இதில் குறை ஒன்று உண்டு. கொத்துக்குள் மாவுப்பூச்சி இருந்தால் அதுவும் கூடவே குடிவந்துவிடும். பிரிக்கும்போது பஞ்சு போல வெள்ளையாகக் கண்ணில் பட்டால், யோசிக்காமல் முதல் வழிக்கு மாறிவிடுங்கள். மண்வெட்டி, கத்தி எதுவும் வேண்டாம். வெட்டுப்பட்ட கிழங்கு ஈரத்தில் எளிதாக அழுகும். கையால் பிட்டால் குட்டிகள் சேர்ந்திருக்கும் இடத்திலேயே பிரியும்.

இது மழை லில்லிக்கான தீர்ப்பு. எல்லா லில்லிக்கும் இதையே செய்தால் ஏமாந்துபோவோம்.

நர்சரியில் அமரில்லிஸ் என்று விற்கும் பெரிய சிவப்புப் பூ லில்லிக்கு, சரியான பெயர் ஹிப்பியாஸ்ட்ரம், முதல் வழிதான் நல்லது. அதன் கிழங்கு பெரிய வெங்காய அளவுக்குப் பருத்தால்தான் நன்றாகப் பூக்கும். தாயைச் சுற்றிக் குட்டிகள் நெருக்கினால் யாருமே பருக்க முடியாது. குட்டிக்குச் சொந்தமாக வேரும் இரண்டு மூன்று இலையும் வந்த பிறகு பிரியுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். தாயின் தடித்த வேர்களை வெட்டாதீர்கள், அவை வருடக்கணக்கில் உழைக்கும் வேர்கள். கிழங்குக்கும் தொட்டி விளிம்புக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும். கழுத்தும் தோளும் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். மூடிவிட்டால் கழுத்தில் தண்ணீர் தங்கி அழுகும். மழை லில்லிக் கிழங்கை மட்டும் ஓர் அங்குலம் ஆழத்தில் முழுதாக மூடலாம்.

சித்திரை வைகாசியில் சிவப்புப் பந்து போலப் பூக்கும் ஃபுட்பால் லில்லியின் குணம் வேறு. வேரைக் கலைத்தால் அதற்குப் பிடிக்காது, சில சமயம் அந்த வருடப் பூவையே விட்டுவிடும். மழை லில்லிக்கு நான் வேண்டாம் என்று சொன்ன இரண்டாவது வழி இதற்குத்தான் பொருந்தும். இலை காய்ந்து உறங்கும் காலத்தில், மாசிக்குள், வேர்க்கட்டி உடையாமல் ஒரு சுற்று மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். தானாகக் கழன்று வரும் குட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழை லில்லிக்கும் மாசி பங்குனிதான் நான் தேர்ந்தெடுக்கும் காலம். கோடை மழைக்குள் வேர் பிடித்துவிடும். அதைத் தவறவிட்டால் ஆடியில் செய்யலாம். அடைமழைக் காலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மண்ணுக்கு செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கூட ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. தேங்காய் நார்க்கழிவை அதிகம் சேர்த்தால் மழைக்காலத்தில் ஈரம் பிடித்துக்கொள்ளும். பிரித்த கிழங்கை நிழலில் ஒரு நாள் காயவைத்து நடுவது என் பழக்கம். கொத்துக்கு அது தேவையில்லை, உடனே நட்டுவிடலாம்.

புது இலை வரும்போது ஒரு புழுவைக் கவனியுங்கள். கருப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுச் சிவப்பும் புள்ளி புள்ளியாக இருக்கும். நம் மாநிலப் பூவான செங்காந்தளைத் தின்னும் அதே புழுதான், லில்லி இலையையும் கிழங்கின் கழுத்து வரை தின்றுவிடும். மாலையில் கையால் பொறுக்கி எடுத்தாலே போதும். இந்தக் கிழங்குகள் எல்லாமே நஞ்சு என்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். வெங்காயம் என்று நினைத்து யாரும் எடுத்துவிடாமல், நாயும் கடித்துவிடாமல் மிச்சக் கிழங்கைத் தள்ளி வையுங்கள்.

மழை லில்லியைத் தொட்டியில் பூக்கவைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலும் கொடுப்பது வழக்கம். இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தி, பிறகு ஒரே நாளில் நன்றாக ஊறவைத்தால் ஒரு வாரத்துக்குள் மொட்டு நீட்டும். பிரித்த முதல் இரண்டு மாதம் இதைச் செய்யாதீர்கள். முதல் பத்து நாள் அரைநிழல், மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர், அப்புறம் முழு வெயில். ஒரு தொட்டி நாலைந்தாகப் பெருகும்போது மாடியில் இடம் இருக்காது. மிஞ்சிய கொத்துகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி வாசலில் வைத்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா, "எனக்கு ஒரு கைப்பிடி போதும்பா" என்று சொல்லி இரண்டு கைப்பிடி எடுத்துப்போனார்.