இன்ஃப்ளூவாக் டெட்ரா: ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு வாங்கலாமா?

இது ஃப்ளூ தடுப்பூசி; 0.5 மிலி நிரப்பிய சிரிஞ்சு. நான்கு வகை ஃப்ளூ வைரஸிலிருந்து, வகைக்கு 15 மைக்ரோகிராம் வீதம் மேற்பரப்புப் புரதம். உயிருள்ள வைரஸ் உள்ளே இல்லை. "போன வருஷம் போட்டேன், மறுநாளே காய்ச்சல் வந்துடுச்சு" என்று வார்டுதோறும் கேட்கும் புகாருக்கு இதுவே பாதி பதில். ஊசியால் வருவது கைவலி, உடம்புவலி, லேசான சூடு. ஓரிரு நாளில் போய்விடும். மீதிப் பதில் நாட்கணக்கில் இருக்கிறது. எதிர்ப்பாற்றல் உருவாகச் சுமார் 2 வாரம் பிடிக்கும். வார்டில் காய்ச்சல் நோயாளிகள் நிரம்பிய பிறகு முகாம் வைத்தால், அந்த இரண்டு வாரத்துக்குள் சிலருக்குத் தொற்றத்தான் செய்யும்; பழி ஊசி மேல் விழும். சென்னையில் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மழையோடு ஃப்ளூ ஏறுவதால் செப்டம்பருக்குள் போட்டு முடிப்பது நல்லது. வாங்கும்போது அட்டையில் எந்த ஆண்டுக்கான ஊசி, பூமியின் வடகோளத்துக்கானதா தென்கோளத்துக்கானதா என்று பாருங்கள். தள்ளுபடியில் வருவது பல நேரம் போன சீசன் சரக்கு.

'டெட்ரா' (நான்கு வகை) என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. நான்காவது வகையான பி யாமகாட்டா (ஃப்ளூ பி வைரஸின் ஒரு கிளை) 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதை இனிச் சேர்க்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. புதிய சீசனின் மூன்று வகை ஊசி கிடைத்தால் அதுவே போதும்.

பலன் எவ்வளவு? வைரஸோடு பொருந்திய ஆண்டில், டாக்டரிடம் போகவைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60% குறைக்கும். இந்தக் கணக்கை டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் மறைத்து "நூறு சதவீதம் பாதுகாப்பு" என்று போஸ்டர் ஒட்டினால், அடுத்த வருஷம் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள்.

போடும் விதத்தில்தான் நிறையக் கெடுகிறது. 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். உறைந்துவிட்டால் தூக்கி எறியுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராக வேக்சின் கேரியரில் (ஊசி மருந்தைக் குளிராகக் கொண்டுபோகும் பெட்டி) வைப்பதே வழக்கமான தப்பு. பேக் வேர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டபிறகு வையுங்கள். போடுமுன் சிரிஞ்சை அறைச் சூட்டுக்கு வரவிட்டுக் குலுக்க வேண்டும். தோள் எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரல் கீழே, 90 டிகிரியில். அதற்கு மேலே குத்தினால் மூட்டுறையில் இறங்கி மாதக்கணக்கில் வலிக்கலாம். அப்படி ஒருவர் கையைத் தூக்க முடியாமல் நடமாடினால் அந்த வார்டே ஊசியை மறுக்கும். பருமனான கைக்கு 25 மிமீ ஊசியாவது வேண்டும். குட்டை ஊசி கொழுப்போடு நின்றுவிடும். முன்பு இதே ஊசிக்கோ, இதில் மிகச் சிறு அளவில் இருக்கும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கோ கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்குப் போடக் கூடாது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வர்ஜீனியா மேசன் ஆஸ்பத்திரி 2005-இல் ஊழியர்களுக்கு இந்த ஊசியைக் கட்டாயமாக்கி, முதல் ஆண்டிலேயே 97.6% ஊழியர்களுக்குப் போட்டு முடித்தது. அங்கே விலக்குப் பெற்றவர்கள் சீசன் முழுக்க மாஸ்க் போட வேண்டியிருந்தது. நம் ஊரில் உத்தரவுக்கு முன் ஷிஃப்டைக் கவனியுங்கள். காலை 10 மணிக்கு ஆடிட்டோரியத்தில் முகாம் வைத்தால் நைட் டியூட்டி நர்ஸ் தூங்கப் போயிருப்பார், ஐசியூ ஆட்கள் நகர முடியாது, கான்ட்ராக்ட் துப்புரவுப் பணியாளர்கள் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேரியரை வார்டுக்கே கொண்டுபோங்கள். வேண்டாம் என்பவரிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். 'நேரமில்லை' என்று எழுதியவரை அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம்.