மேப்பிள் லேசர் படிவு: நீண்ட காலம் பயன்படுத்திய பின்

எங்கள் எக்ஸைமர் லேசருக்கு (வாயுக் கலவையிலிருந்து புற ஊதா ஒளி தரும் லேசர்) புதிய வாயுக் கலவை நிரப்பி, அதன் சாளரங்களையும் மாற்றி முடித்த வாரத்தில், முன்பு உடன் ஆய்வு செய்த தோழி ஒருவர், உடலில் சிதைந்து கரையும் பாலிமர்களைப் படலமாக்க மேப்பிள் முறையை (கரைப்பானில் கரைத்து உறையவைத்த பாலிமரை லேசர் துடிப்புகளால் ஆவியாக்கிப் படியவைப்பது) தம் ஆய்வகத்தில் நிறுவலாமா என்று கேட்டார். 248 நானோமீட்டர் ஒளியும் திரவ நைட்ரஜனால் உறையவைத்த கரைசலான இலக்கும் அவர் அறிந்தவையே. ஆகவே, இன்றுவரை என்னை எரிச்சலூட்டும் ஒன்றைப் பற்றியே அவருக்கு விரிவாக எழுதினேன்.

அது படலத்தின் மேற்பரப்பு. கரைப்பான் ஒளியை உறிஞ்சி ஆவியாக, பாலிமர் மூலக்கூறுகள் தனித்தனியே பறந்து சென்று சீராகப் படியும் என்பது பாடநூல் விளக்கம். உண்மையில், அளவுமீறிச் சூடேறிய கரைப்பான் வெடித்துக் கொதித்து, பாலிமர் கலந்த துளிகளாகச் சிதறுகிறது. துளியின் மேல் பாலிமர் தோலாகத் திரள, உள்ளிருக்கும் ஆவி வெளியேறியதும் அது சுருங்கிவிடுகிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், காற்றுப் போன பலூன்களைப் பரப்பி வைத்தது போலிருக்கும். லேசரின் ஆற்றலைக் குறைத்தால் துளிகள் ஓரளவு குறையும். படிவும் ஊர்ந்துதான் நகரும். இலக்கு மெதுவாக உறைந்துவிட்டாலோ பாலிமர் ஆங்காங்கே ஒதுங்கி, பனிக்கட்டியில் விரிசலும் விழும்.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பாலிமரின் மீது நேரடியாகப் புற ஊதா லேசரைப் பாய்ச்சினால் அதன் சங்கிலிகள் அறுபடுகின்றன. அதைத் தவிர்க்கவே 1990களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இம்முறை உருவானது. குளோரோஃபார்மைக் கரைப்பானாகப் பயன்படுத்தினால் அது ஒளியால் பிளந்து, எளிதில் வினைபுரியும் குளோரின் தனியுறுப்புகளை வெளியிட்டுப் பாலிமரைத் தாக்கும். எத்தில் அசிட்டேட்டுக்கு மாறிய பின், எங்கள் பிஎல்ஜிஏ (உடலில் சிதைந்து கரையும் ஒரு பாலிமர்) படலங்களின் அகச்சிவப்பு நிறமாலையில் 1750 செ.மீ⁻¹ஐ ஒட்டிய கார்போனைல் முகடு மூலப்பொருளில் இருந்தபடியே நின்றது; அதாவது, பாலிமரின் வேதிக் கட்டமைப்பு கெடவில்லை. அதைவிட மகிழ்ச்சி தந்தது அடுக்குப் படிவு. தோய்த்துப் பூசும்போது மேலடுக்கின் கரைப்பான் கீழடுக்கைக் கரைத்துவிடும். இங்கே கரைப்பானின் பெரும்பகுதியை வெற்றிடப் பம்பு இழுத்துக்கொள்வதால், மருந்து அடுக்கின் மேல் பாலிமர் அடுக்கு கலங்காமல் அமர்கிறது. மெக்னீசிய உள்வைப்பு மாதிரிகளுக்கு இதை நான் கைவிடமாட்டேன்.

இருந்தும், நிறுவ வேண்டாம் என்றே அவருக்கு எழுதினேன். அவருக்குத் தேவை சிலிக்கான் தகட்டில் வழவழப்பான ஒற்றை அடுக்கு. அதை, தகட்டைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் சுழல்பூச்சுக் கருவி சில நிமிடங்களில் தந்துவிடும். அதற்காக ஃபுளூரின் கலந்த வாயு உருளையையும், அதற்கான பாதுகாப்பு அலமாரியையும், ஆற்றல் சரியும்போதெல்லாம் சாளரம் துடைக்கும் வேலையையும் அவர் தலையில் சுமத்த எனக்கு மனமில்லை.